பழசாக்கப் போன போர்வை

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகில் நிற்கமாட்டேன். பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் நடத்துநரிடம் சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்டவள் குரோஷா ஊசியைப் பிடித்து மணிக்கணக்கில் நூல் பின்னுகிறேன் என்பதை என் வீட்டில் இன்னும் யாரும் முழுதாக நம்பவில்லை. ஊரடங்குக் காலத்தில் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது அது. முதன்முதலில் பின்னியது அந்த செல்போனுக்கே ஒரு உறை. போனைவிட மூன்று மடங்கு பெரிதாக வந்தது. இப்போது அதில் அம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. வீடு கள்ளக்குறிச்சியில். கீழே நானும் அம்மாவும், மாடியில் தம்பியும் அவன் மனைவியும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, அப்படியொன்றும் பெரிய கதையும் இல்லை. காலையில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினால் வடக்கனந்தல் தாண்டி அடிவாரம் வரும்வரை சாலை சமமாகப் போகும். அதுவரை என் கையில் ஊசி ஓடும். வளைவுகள் தொடங்கியதும் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை பிடிவாதமாக வளைவிலும் பின்னிப் பார்த்தேன். இறங்கிப் பார்த்தால் அந்த வரிசை மட்டும் மலைச்சாலை மாதிரியே நெளிந்திருந்தது. பிரித்துவிட்டேன்.

தம்பி மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நைனார்பாளையத்துப் பெண். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே என்னைக் கண்டு பயப்படவேண்டியதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு டம்ளர் டீயோடு கீழே இறங்கி வருவாள். அன்றைக்கு மலையில் யாரைத் திட்டினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"அண்ணி, நீங்க கோவப்பட்டா மூக்கு மட்டும் செவக்குது. சினிமாவுக்கே போவ வோணாம், இத்தப் பாத்துக்கினே இருக்கலாம்" என்பாள். அந்த வீட்டில் என்னிடம் அப்படிப் பேச அதற்கு முன் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்று சொன்னால் குறைவு. அந்த டீக்காகத்தான் நான் சில நாள் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன்.

அவள் முதல்முறை உண்டானபோது நான் ஒரு வெள்ளைத் தொப்பியும் காலுறையும் பின்னினேன். பின்னியதோடு நிறுத்தியிருக்கலாம். வளைகாப்பன்று அத்தனை பேர் முன்னால் தட்டில் வைத்து நீட்டினேன். அம்மா முகம் சுருங்கிப்போனது. பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்குப் புதிதாக எதையும் வாங்கக்கூடாது, செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்ததும் முதலில் சுற்றுவதும் பழைய துணிதான். அதுவும் நன்றாக வளர்கிற வேறொரு வீட்டுப் பிள்ளையின் துணி கிடைத்தால் இன்னும் விசேஷம். எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். மலையில் தாய்மார்களுக்கு நாள் முழுக்க அறிவுரை சொல்கிறவள், இதற்கெல்லாம் பயந்தால் எப்படி என்ற திமிர்தான்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய வாரத்தில் குழந்தையின் அசைவு நின்றுவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரி ஒருத்தி, நான் காபி கலக்கும்போது காதில் விழும்படியே சொன்னாள்: "கல்யாணம் காட்சி இல்லாதவ, முன்னாடியே புதுசு பின்னிக் குடுத்தா வேற இன்னா ஆவும்? கைராசின்னு ஒன்னு இருக்குது இல்ல?" நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். குழந்தை ஏன் போனது என்று டாக்டர் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். தொப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

தாய்வீட்டிலிருந்து திரும்பிய பிறகு தம்பி மனைவி டீயோடு கீழே வருவது நின்றுபோனது. கோபமா, துக்கமா, அந்த உறவுக்காரி சொன்னதை அவளும் நம்பினாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயம். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "சாப்ட்டியா", "சாப்ட்டேங்க அண்ணி" என்று பேசிக்கொண்டோம். நான் ஊசியைத் தொடவே இல்லை.

மறுபடியும் அவள் உண்டானபோது வீட்டில் யாரும் சத்தம்போட்டுச் சிரிக்கக்கூட இல்லை. ஏதோ தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல எல்லாரும் மெதுவாக நடந்தோம். ஐந்தாம் மாதம் முடியும் சமயம் ஒரு சாயங்காலம், மாடிப்படியில் அவள் காலடி கேட்டது. கையில் இரண்டு டம்ளர்.

"அண்ணி, எனக்கு ஒரு போர்வ பின்னிக் குடுங்க" என்றாள். உட்காரக்கூட இல்லை.

"பொறக்கட்டும்மா. பொறந்தப்பறம் ஒன்னுக்கு நாலா பின்னித் தரேன்."

"பொறந்தப்பறம் எல்லாருந்தான் குடுப்பாங்க. எனக்கு இப்பவே கையில புடிச்சிப் பாக்கணும். இந்தத் தடவ யாருமே ஒன்னியும் வாங்கல, ஒன்னியும் பேசல. ஒரு பேரு கூட யோசிக்கல. புள்ள வரும்னு இந்த வூட்டுல ஒருத்தருகூட நம்பலியோன்னு இருக்குது எனக்கு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொன்னால், நானும் நம்பவில்லை என்று ஆகிவிடும். சரி என்று சொல்லி, நடக்கக்கூடாதது இன்னொரு முறை நடந்துவிட்டால், அவள் முகத்தை நான் ஆயுளுக்கும் பார்க்க முடியாது. "பாக்கலாம்" என்றேன். அரசாங்க வேலையில் இருபது வருடம் இருந்தவளுக்கு அந்தச் சொல் தானாக வரும்.

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரு வழி சொன்னாள்.

"புதுசாத்தான ஆவாது? பழசா இருந்தா பரவால்ல இல்ல? வேற ஒரு புள்ளைக்குன்னு சொல்லிப் பின்னு. மனசுலயும் அந்தப் புள்ளையவே நெனச்சிக்கினு பின்னு. முடிஞ்சதும் அந்தப் புள்ளைக்கிப் போத்தி ரெண்டு வாரம் கெடக்கட்டும். அப்பறம் வாங்கிக்கினு வந்து தொவச்சி இவ கையில குடு. அது பழசு. யாரு இன்னா சொல்ல முடியும்?"

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற வக்கீல்கள் எங்கள் அம்மாவிடம் வந்து கற்றுக்கொள்ளலாம். நான் படித்தவள் என்ற கௌரவத்துக்காக ஒரு நிமிடம் சிரித்தேன். பிறகு, எந்தப் பிள்ளை என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய், நான் உல்லன் நூலைத் தொட்டதுமே கையைத் தட்டிவிட்டார். "நம்ம ஊரு வெயில்ல உல்லன் போத்துனா கொழந்த வெந்துடும்ங்க. காட்டன் எடுத்துக்கங்க. சூடு கம்மி, தொவச்சாலும் ஜாஸ்தி சுருங்காது" என்று மஞ்சளும் வெள்ளையுமாக எடுத்துப் போட்டார். யாருக்கு என்று கேட்டார். "மலமேல ஒரு புள்ளைக்கு" என்றேன். அம்மா சொல்லிக்கொடுத்த பொய் அங்கேயே ஆரம்பமானது.

பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. புதன்கிழமை எங்களிடம் தடுப்பூசி நாள். சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எடை போட்டு எழுதுகிற நோட்டை நர்ஸிடம் வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது மாதத்தில் ஒன்பதரை கிலோ என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. அன்றைக்கு வந்தபோது நேரிலும் பார்த்தேன். தொடையில் மூன்று மடிப்பு. ஊசி போட்டபோதுகூட அழாமல் நர்ஸை முறைத்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அதன் தாய்க்கு அது மூன்றாவது பிள்ளை. பேருந்து போகாத ஒரு சின்ன ஊர். மலையில் எங்கள் நிலையத்தில் வேலை செய்கிற எல்லாப் பெண்களும் சிஸ்டர்தான், மருந்து கொடுக்கிறவளும் சிஸ்டர், கூட்டுகிறவளும் சிஸ்டர். "உன் புள்ளைக்கி ஒரு போர்வ பின்றேன், அளவு பாத்துக்கறேன்" என்று நான் சொன்னதும் அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று.

"எம் புள்ளைக்கா சிஸ்டரு? நெசமாவா?"

"நெசந்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும், ஊசி போடும் தேதி இல்லாவிட்டாலும், அவள் வந்தாள். போர்வை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். குழந்தையின் பக்கத்தில் வைத்து அளப்போம். குழந்தை அதற்குள் நூலைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும். அதன் எச்சில் பட்ட வரிசைகளைப் பிரிக்க மனசு வராமல் அப்படியே பின்னினேன். பேருந்திலும் செய்தி பரவிவிட்டது. நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னா மேடம், மலப் பாப்பா போர்வ எங்க வந்து நிக்குது?" என்று கேட்பார். முன்சீட்டுக் கிழவர் ஒருவர், ஓரத்துக்கு வெள்ளை வேண்டாம், அழுக்குத் தெரியும், மஞ்சளே போடு என்று யோசனை சொன்னார். ஓரத்துக்கு மஞ்சளே போட்டேன்.

இதற்கு நடுவில் ஏழாம் மாதம் வந்தது. இந்தத் தடவை வளைகாப்பை வீட்டோடு முடித்துக்கொண்டு, தம்பி மனைவியை நைனார்பாளையத்துக்கு அழைத்துப்போனார்கள். வாரம் இரண்டு முறை போன் செய்வாள். "எவ்ளோ ஆயிருக்குது அண்ணி?" என்று மட்டும் கேட்பாள். போட்டோ அனுப்பட்டுமா என்றால் வேண்டாம் என்பாள். கையில் தொட்டுத்தான் பார்க்கவேண்டுமாம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான் பேருந்தில் அரை மணி நேரம் அதிகமாகப் பின்னினேன். வளைவுகளிலும் பின்னினேன். பழகியிருந்தது, நெளியவில்லை.

ஆறு வாரத்தில் முடிந்தது. புதன்கிழமை கொண்டுபோய்க் குழந்தைமேல் போர்த்தினேன். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடு என்று அப்போதே சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தத் தாய் போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எங்கூட்டுல மூனு புள்ள பொறந்துச்சி சிஸ்டரு. மூனுக்கும் யாரும் புதுசா ஒன்னு குடுத்ததில்ல. இதுதான் மொத."

இதற்கு மேல் எந்த வாயால் கேட்பது? ஊரையே அதட்டுகிற நான், "பாத்து வெச்சிக்க" என்று முணுமுணுத்துவிட்டு, மாத்திரை டப்பாக்களை அடுக்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவள் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சாமை அரிசியோடு வந்தாள். கூட அவள் ஊரிலிருந்து நான்கு பெண்கள், போர்வை பின்னிய சிஸ்டரைப் பார்க்க. போர்வையின் மூலையில் கண்ணேறு படாமல் இருக்கக் கறுப்புக் கயிறு ஒன்று முடிந்திருந்தது. இது இல்லாமல் பிள்ளை தூங்குவதே இல்லையாம், துவைத்துக் காயப்போட்டால் காயும்வரை அதன் கீழேயே உட்கார்ந்து அழுகிறதாம். அந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாமை அரிசியை வாங்கிக்கொண்டேன். என்னைப்போல ஒரு மடச்சி கல்வராயன் மலையில் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

"வாங்கிக்கினு வந்துட்டியா?" என்று அதற்கடுத்த புதன்கிழமை அம்மா கேட்டாள்.

"ரெண்டு வாரம்னு நீதான சொன்ன?"

"ரெண்டு வாரம் ஆச்சிடி."

"மழ. அவ வரல" என்றேன். அன்றைக்கு மழை பெய்யவில்லை. அம்மா சாமையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நைனார்பாளையத்திலிருந்து போன் வந்தால் இன்னும் பயம். "முடிஞ்சிடுச்சா அண்ணி?" "ஓரம் மட்டும் பாக்கி." "ஓரம் முடிஞ்சிதா?" "கஞ்சி போட்டு வெச்சிருக்கேன்." குரோஷாப் போர்வைக்கு யாராவது கஞ்சி போடுவார்களா? அவளுக்குத் தெரியாததால் தப்பித்தேன். எட்டாம் மாதம் பாதியாகிவிட்டது. இன்னொன்று பின்னலாம் என்றால், அதைப் பழசாக்க இன்னொரு பிள்ளை வேண்டும். நான் திரும்பவும் இதே மாதிரி உளறிக்கொட்டி நிற்பேன் என்று எனக்கே தெரியும்.

ஒரு சனிக்கிழமை, வருவது வரட்டும் என்று கிளம்பினேன். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் பாதி தூரம், மீதி நடை. நேரே சொல்லிவிடுவது: இதோ பாரம்மா, இது ஒரு வழக்கத்துக்காகச் செய்தது, என் தம்பி மனைவிக்கு வேண்டும், உனக்கு வேறு பின்னித் தருகிறேன். நடந்து போகும்போது இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் வீட்டு வாசலில் சேலைத் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போர்வையின் ஒரு நுனி அதன் வாயில். மறுநுனி வெளியே தொங்கியது. அதன் அண்ணன்களில் சின்னவன், அந்த நுனியைத் தொட்டுவிட்டு ஓடுவதையே விளையாட்டாக வைத்திருந்தான்.

"இன்னா சிஸ்டரு, இவ்ளோ தூரம்?" என்று தாய் ஓடி வந்தாள்.

"மரவள்ளி எப்படி வெளஞ்சிருக்குன்னு பாக்க வந்தேன்" என்றேன்.

எனக்கு மரவள்ளியைப் பற்றி அவிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அவள் என்னைக் காட்டுக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு செடியாகக் காட்டினாள். திரும்பி வந்து கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். இரண்டு உருண்டை சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ஜீப்பில் வரும்போது என்மேலேயே எனக்கு வந்த கோபத்தில் மூக்கு எவ்வளவு சிவந்திருக்கும் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக் கேலி செய்யவேண்டியவள் நைனார்பாளையத்தில் போர்வைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆரஞ்சும் பூவும் வாங்கிக்கொண்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள். முதலில் என் பையைத்தான் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சொன்ன வழி, எடை நோட்டு, பாய் கடை, கறுப்புக் கயிறு, சாமை, மரவள்ளி, களி, ஒன்று விடவில்லை. ஒரு போர்வை கேட்டாள், அதைக்கூட இவளால் கொடுக்க முடியவில்லை என்றுதான் நினைப்பாள் என்று, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். அழவில்லை. "மரவள்ளியா... மரவள்ளி பாக்கப் போனீங்களா அண்ணி..." என்று அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, உள்ள ஒதைக்குது, ஒதைக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உதைத்தது. மூன்று வருடம் கழித்து அவள் என்னைத் தொட்டாள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. உதை பிறகுதான் தெரிந்தது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவளே சொன்னாள்: "போர்வ அங்கியே இருக்கட்டும் அண்ணி. அந்தப் புள்ளகிட்டேந்து புடுங்கிக்கினு வந்தா நாமதான் மனுசங்களா? ஒன்னு பண்ணுங்க. அந்தப் புள்ளயோட பழைய துணி ஒன்னு கேட்டு வாங்கியாங்க. பழசுதான வோணும்? அதான் நெசமான பழசு."

இத்தனை படித்த எனக்கும், இத்தனை வழக்கம் தெரிந்த அம்மாவுக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. வேறொரு வீட்டுப் பிள்ளையின் துணி என்றால் அந்த வீட்டில் கேட்டு வாங்கவேண்டும். நாங்கள் ஒரு புதுப் போர்வையைக் கொண்டுபோய்ப் பழசாக்க அலைந்திருக்கிறோம்.

புதன்கிழமை அந்தத் தாயைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் புள்ளயோட பழைய துணி ஒன்னு வேணும்" என்றேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். போனமுறை நடந்ததையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கண் போர்வைக்குப் போனது. அவள் மக்கு இல்லை. அப்படியே குழந்தையிடமிருந்து போர்வையை உருவி மடிக்க ஆரம்பித்தாள்.

"இது அவங்களுக்காப் பின்னுனதா சிஸ்டரு? நாந்தான் புரிஞ்சிக்கல."

"வெய்யி கீழ!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "உம் புள்ளைக்குத்தான்னு சொன்னேனா இல்லையா? ஒவ்வொரு கண்ணியா இவளையே நெனச்சிக்கினு பின்னியிருக்கேன். இப்ப யாருக்கோன்னு சொல்ற? போத்து மொதல்ல, புள்ள பாக்குது பாரு."

கத்தும்போதுதான் தெரிந்தது, நான் சொல்வது உண்மை என்று. அந்தப் போர்வையில் வேறு எந்தப் பிள்ளையின் நினைப்பும் இல்லை. அம்மா சொன்னபடி நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தேன்.

அடுத்த நாளே யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். மெல்லிய நூல் சேலையின் ஒரு துண்டு. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும். துவைத்துத் துவைத்து நிறம் போய், விரலில் சுற்றினால் விரல் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. மூன்று பிள்ளைகளையும் பிறந்தவுடன் சுற்றிய துணி, மூன்றும் நன்றாக இருக்கின்றன, திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா அதை முகர்ந்து பார்த்து, "இதான் துணி" என்று சொல்லி, வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்தாள். நான் அதை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும்போதும் எடுத்துப்போனேன்.

எடுத்துப்போனது நல்லதாயிற்று. தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் தொடங்கிய வாரம். போன தடவை எந்த வாரமோ அதே வாரம். மலையில் நான் ஒருவருக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். வலி வந்துவிட்டது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவருகிறோம் என்று மூச்சிரைக்கச் சொன்னான். ஜீப்பில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரைத் திட்டினேன், வேகமாகப் போனால் ஏன் வேகம் என்றும், மெதுவாகப் போனால் ஏன் மெதுவென்றும். அவர் பாவம், ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது பகல் பதினொன்று இருக்கும். பிரசவ அறைக்கு வெளியே அம்மாவும் தம்பி மனைவியின் அம்மாவும் நின்றிருந்தார்கள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டி, "பழைய துணி எடுத்தாந்திருக்கீங்களா?" என்றார். கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "மெத்துனு இருக்குதுங்க" என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நின்ற நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. முப்பத்தாறு வாரக் குழந்தைக்கு என்னென்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது ஒவ்வொன்றாக மனதில் வந்தது. அறைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, தண்ணீர் சத்தம் கேட்டது, ஏதோ தட்டு விழும் சத்தம் கேட்டது. கேட்கவேண்டியது மட்டும் கேட்கவில்லை. அம்மா சாமி பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

பிறகு கேட்டது. மெலிசாக, பூனைக்குட்டி மாதிரி ஒரு தடவை. அடுத்த தடவை நன்றாகவே, கோபமாகவே கேட்டது. தம்பி சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

நர்ஸ் பச்சை போன அந்தத் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தார். "பொண்ணு. ரெண்டு கிலோ நூறு. நல்லா இருக்குது, தாயும் நல்லா இருக்காங்க" என்றார். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். பேத்தியை முதலில் வாங்குவது அவள் உரிமை. அதற்காகவே காலையிலிருந்து பட்டினியாக நின்றவள். நான் இரண்டு அடி பின்னால், சுவரோரம் ஒதுங்கி நின்றேன். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

நர்ஸ் குழந்தையைக் கொடுக்கவில்லை. எங்களை ஒரு முறை பார்த்தார்.

"நாத்தனாரு யாருங்க? மொதல்ல அவங்க கையிலதான் குடுக்கணுமாம். வேற யாரு கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு உள்ள அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சொல்லி அனுப்புது."

அம்மா நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு திரும்பினாள். "நிக்கிறா பாரு. வாடி, வந்து வாங்கு" என்றாள்.

நான் கைகளை முன்னால் கொண்டுவந்தேன்.